விரலுக்கடியில் தெரிந்த அசைவு

விபத்தில் கை செயலிழந்த ஓர் இளைஞரின் நான்காம் மாதப் பரிசோதனைத் தாளில், முழங்கையை மடக்கும் மேற்கைத் தசையான பைசெப்ஸுக்கு எதிரே நான் 1 என்று எழுதினேன். 0 என்று எழுதியிருக்க வேண்டுமோ என்ற கேள்வி ஆண்டுகள் சில கடந்தும் என்னை விடவில்லை. தசையின் வலிமையை 0 முதல் 5 வரை அளக்கும் அந்த முறையில், 0 என்றால் தசையில் எந்தச் சலனமும் இல்லை. 1 என்றால் மூட்டு அசையாவிட்டாலும் தசை சுருங்குவது கண்ணுக்கோ விரலுக்கோ தெரிகிறது. 3 என்றால் புவியீர்ப்பை எதிர்த்துக் கையைத் தூக்க முடிகிறது; அதை யார் பார்த்தாலும் சொல்லிவிடலாம். 0க்கும் 1க்கும் இடையிலான வேறுபாட்டைச் சொல்வதற்குப் பெரும்பாலும் சோதிப்பவரின் விரல் நுனியைத் தவிர வேறு சாட்சி இருப்பதில்லை.

இருசக்கர வாகன விபத்தில் அந்த இளைஞருக்குக் கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புப் பின்னலின் மேல் வேர்களான சி5, சி6 இரண்டும் இழுபட்டுச் சேதமடைந்திருந்தன. விரல்களும் மணிக்கட்டும் இயங்கின. தோளை உயர்த்தவும் முழங்கையை மடக்கவும் இயலவில்லை. வெளிக்காயம் இல்லாத இத்தகைய சேதத்தில் முதல் மூன்று மாதங்கள் காத்திருப்பது வழக்கம், ஏனெனில் உறை அறுபடாமல் உள்ளிழைகள் மட்டும் முறிந்திருந்தால் அவை தாமாகவே வளர்ந்து தசையைச் சென்றடையக்கூடும். ஆனால் அவை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வேகத்தில்தான் வளரும். நரம்பை இழந்த தசையோ மாதம் செல்லச் செல்ல மெலிந்து, 12 முதல் 18 மாதங்களில், நரம்பு வந்து சேர்ந்தாலும் ஏற்க முடியாத நிலைக்குப் போய்விடுகிறது. ஆறு மாதத்திற்குள் அறுவை செய்துவிடுவது நல்லது என்று எங்கள் துறையில் சொல்லப்படுவதன் காரணம் இதுதான்.

அன்று அவருடைய முன்கையை நான் தாங்கிக்கொண்டு, மற்றொரு கையின் இரண்டு விரல்களை மேற்கையின் நடுவில் வைத்து, முழங்கையை மடக்க முயலுமாறு சொன்னேன். மூன்றாவது முயற்சியில் விரலுக்கடியில் ஏதோ நகர்ந்தது. நான் பேசாமலிருந்ததைக் கவனித்து அவர், "ஏதாவது தெரிகிறதா, மேடம்?" என்று கேட்டார். "லேசாக ஒரு துடிப்பு தெரிகிறது, தம்பி" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு மீண்டும் முயன்றார். அதன் பிறகு எனக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை. தாளில் 1 என்று எழுதினேன்.

அந்த எண்ணைப் பார்த்த அறுவை மருத்துவர், தேதி குறிக்கவிருந்ததை நிறுத்திவைத்து, ஆறாம் மாதம் மீண்டும் இ.எம்.ஜி., அதாவது தசையில் எழும் மின்னலைகளைப் பதிவுசெய்யும் சோதனை, எடுத்துப் பார்த்து முடிவெடுக்கலாம் என்றார். முடிவு அவருடையது என்பதும், அவரும் ஒருமுறை கையைத் தொட்டுப் பார்த்தார் என்பதும், ஆறு மாதம் என்ற எல்லைக்கு அருகிலேயே நாங்கள் இருந்தோம் என்பதும் உண்மை. தானாக மீளக்கூடிய தசைக்கு அவசரப்பட்டு அறுவை செய்வதும் தவறுதானே என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போதும் சில நாட்களில் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். என்றாலும், என் தாளில் 0 இருந்திருந்தால் அந்த இரண்டு மாதங்கள் கழிந்திருக்காது.

ஆறாம் மாத இ.எம்.ஜி.யில், அவர் முயன்றபோது பைசெப்ஸில் ஒரு மின்னலைகூட எழவில்லை. ஏழாம் மாதத் தொடக்கத்தில் அறுவை நடந்தது. கையின் உட்புறமாக ஓடும் அல்நார் நரம்பிலிருந்து ஓர் இழைக்கற்றையைப் பிரித்து, பைசெப்ஸுக்குச் செல்லும் கிளையோடு இணைக்கும் முறை அது. 1994இல் ஓபர்லின் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் வெளியிட்டது. இணைப்பைத் தசைக்கு மிக அருகிலேயே வைப்பதால், கழுத்திலிருந்து இழை வளர்ந்து வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வெட்டுவதற்கு முன் அந்தக் கிளையை மின்முனையால் தூண்டிப் பார்த்ததாகவும் தசை அசையவில்லை என்றும் அறுவைக் குறிப்பில் இருந்தது. அந்த வரியை நான் பலமுறை படித்திருக்கிறேன்.

அப்படியானால் என் விரல் உணர்ந்தது எது? மார்புத் தசை இழுக்கும்போது மேற்கையின் தோலும் சற்றே நகரும். நோயாளி முழு முயற்சியில் கைவிரல்களை இறுக்கினால் முன்கைத் தசைகள் முழங்கையையும் லேசாக மடக்கப் பார்க்கும். புதிதாகச் சேர்பவர்களுக்கு நானே சொல்லித்தரும் எச்சரிக்கைகள் இவை. அன்று அவருடைய மற்றொரு கையில் ஒப்பிட்டுப் பார்க்கவோ, மார்பில் ஒரு விரலை வைக்கவோ நான் மறந்தேன் என்று சொல்ல முடியாது. அந்தத் துடிப்பு இருக்க வேண்டும் என்று நான் விரும்பினேன். நான்கு மாதமாக வாரம் மூன்று நாள் பார்த்துவந்த கை அது.

அறுவைக்குப் பின் நான்கு மாதங்களில் உண்மையான சுருக்கம் வந்தது. இம்முறை இரண்டு பேர் தனித்தனியே சோதித்தோம். தொடக்கத்தில் அவர் முழங்கையை மடக்க வேண்டுமானால் மணிக்கட்டை உள்நோக்கி மடக்க வேண்டியிருந்தது, ஏனெனில் அந்த இழைகளுக்கு மூளை கொடுத்துப் பழகிய கட்டளை அதுதான். மணிக்கட்டின் துணையின்றி மடக்கக் கற்றுக்கொள்ள இன்னும் பல மாதங்கள் ஆயின. இப்போது வெறும் கையை வாய்வரை கொண்டுபோகிறார். எடையோடு நெடுநேரம் தாங்க முடியவில்லை. இரண்டு மாதம் முன்னதாகச் செய்திருந்தால் அதுவும் முடிந்திருக்குமா என்பதை அவருடைய கையை வைத்து யாராலும் சொல்ல முடியாது. அதே அறுவையைக் காலத்தோடு செய்துகொண்டவர்களிலும் சிலர் இந்த அளவிலேயே நின்றுவிடுகிறார்கள்.

கடைசியாக வந்தபோது நான் அவரிடம் அந்த 1ஐப் பற்றிச் சொன்னேன். தவறாக எழுதியிருக்கலாம் என்றும், அதனால் தாமதம் ஆனது என்றும் சொன்னேன். அவர் சிறிது நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீங்கள் அப்படிச் சொன்ன பிறகுதான் மேடம் எனக்குத் தூக்கமே வந்தது" என்றார். அதை மன்னிப்பாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவர் நிம்மதியாக உறங்கிய அதே இரவுகளில்தான் அந்தத் தசை மெலிந்துகொண்டிருந்தது. அவர் சொன்னதை நோயாளிக் குறிப்பில் எழுத இடமில்லை. அன்றைய அளவை, 3 என்று, இரண்டு பேரும் சோதித்த பிறகு எழுதினோம்.