டுசாபிள் ஹைஸ்கூல்: ஒரு குளிர்கால நாட்குறிப்பு

ஜனவரி 13, 2024, சனி

வெளிய தலைய நீட்ட முடியல, சிகாகோ குளிர் இந்த வாரம் ஆள உண்டு இல்லன்னு பண்ணுது. வீட்டுக்குள்ளயே உக்காந்து ஜானி கிரிஃபின், ஜீன் அம்மன்ஸ், வான் ஃப்ரீமன்னு ஜாஸ் கலைஞர்கள மாத்தி மாத்தி கேட்டுட்டு இருக்கேன், மூணு பேருமே டெனர் சாக்ஸபோன்காரங்க. மூணு பேரும் ஒரே ஸ்கூல், ஒரே வாத்தியார். தெற்கு சிகாகோவுல ப்ரான்ஸ்வில்னு ஒரு ஏரியா, அங்க இருந்த டுசாபிள் ஹைஸ்கூல். பியானோவுல டோரத்தி டோனகன், பேஸ்ங்கிற பெரிய தந்தி வாத்தியத்துல ரிச்சர்ட் டேவிஸ், அப்புறம் சாக்ஸ்ல எடி ஹாரிஸ், இவங்களும் அதே வாத்தியார்கிட்ட படிச்சவங்கதான். பாடகர் நாட் கிங் கோலும் அவர்கிட்ட இருந்தவர்தான். காசு வாங்குற இசைக் கல்லூரி இல்லீங்க, சாதாரண அரசுப் பள்ளிக்கூடம். இதப் பத்தி கொஞ்சம் கொஞ்சமா எழுதி வைக்கணும்னு ரொம்ப நாளா ஆசை.

ஜனவரி 14, ஞாயிறு

வாத்தியார் பேரு வால்டர் டையெட். எல்லாரும் கேப்டன் டையெட்னுதான் சொல்வாங்க, இல்லினாய் மாநிலத்தோட நேஷனல் கார்ட் படையில கருப்பின ரெஜிமென்ட்டோட பேண்ட் மாஸ்டரா இருந்தவர். அதுக்கு முன்னாடி வென்டோம் தியேட்டர்ல ஊமைப்படம் ஓடுறப்ப வாசிக்கிற எர்ஸ்கின் டேட் ஆர்கெஸ்ட்ராவுல வயலின். 1931ல வெண்டெல் ஃபிலிப்ஸ் ஸ்கூலுக்கு வந்தாரு, 1935ல புது கட்டடம் திறந்ததும் அங்க மாறினாரு. அந்தப் புது ஸ்கூலுக்குத்தான் அடுத்த வருஷம் டுசாபிள்னு பேர் வெச்சாங்க. பூர்வகுடிகளுக்கு அப்புறம் இந்த ஊர்ல நிரந்தரமா குடியேறின முதல் ஆள், கருப்பின வியாபாரி, அவரோட பேரு அது.

கண்டிப்புன்னா அப்படி ஒரு கண்டிப்பு. ஒரு கண்ணுல பார்வை கிடையாது, ஆனா அத்தனை பேர் வாசிக்கிறப்ப எவன் தப்பு சுரம் விட்டான்னு காதுலயே புடிச்சிடுவாராம், வாய்க்கு வந்தபடி திட்டுவாராம், கிளாஸ விட்டுத் துரத்துவாராம். ஆனா துரத்தினவன் திரும்பி வந்து நின்னா சேத்துக்குவாரு. பசங்கள பசங்களா நடத்தல, நாளைக்கே மேடையேறி சம்பளம் வாங்கப் போற ஆளா நடத்தினாரு, எனக்கு அவர்கிட்ட புடிச்சதே இதுதான். ஏன்னா அந்தக் காலத்துல சிகாகோ மியூசிஷியன் யூனியனே வெள்ளைக்காரங்களுக்கு லோக்கல் 10, கருப்பினத்தவங்களுக்கு லோக்கல் 208னு ரெண்டா இருந்துச்சு, 1966லதான் ஒண்ணாச்சு. நோட்ஸ் பாத்த உடனே வாசிக்கத் தெரியாதவனுக்கு அங்க வேலை இல்ல. அதனாலதான் அவர் அவ்ளோ கறாரா சொல்லிக் குடுத்தாரு.

ஜனவரி 20, சனி

கிரிஃபின் கதை. சின்னப் பையனா இருக்கிறப்ப ஜீன் அம்மன்ஸ் வாசிக்கிறதப் பாத்துட்டு எனக்கு டெனர் சாக்ஸ்தான் வேணும்னு வந்து நின்னானாம். கேப்டன், உன் உடம்புக்கு அது பெரிசு, போய் க்ளாரினெட் புடின்னுட்டாரு. அப்புறம் ஓபோன்னு இன்னொரு ஊதுற வாத்தியம், அதுக்கப்புறம்தான் டெனர விட சின்னதான ஆல்டோ சாக்ஸ்.

என் பொண்ணு ஸ்கூல் பேண்ட்ல க்ளாரினெட் வாசிக்கிறா, இன்னிக்கு காலைல ப்ராக்டிஸ் பண்றத பக்கத்துல உக்காந்து பாத்தேன். ஊதுறப்ப அதிர்ற மெல்லிசான நாணல் பட்டை, அதான் ரீட், அத வாயில வெச்சு ஊற வெக்கிறா, மவுத்பீஸ் நுனியோட சரியா சேத்து ஸ்க்ரூவ முடுக்குறா, அப்புறம்தான் ஊதவே ஆரம்பிக்கிறா. க்ளாரினெட்ல ஓட்டைய விரல் சதையாலயே மூடணும், மோதிர விரல் ஒரு மயிரிழை தள்ளியிருந்தா காத்து கசிஞ்சு கீச்சுனு கத்தும். சாக்ஸ்ல அதுக்கு பேட்னு மெத்து வெச்ச மூடி இருக்கு, அதுவே மூடிக்கும். இன்னொண்ணு, சாக்ஸ்ல மேல் ஸ்தாயிக்குப் போனாலும் விரல் போக்கு கிட்டத்தட்ட அதேதான், க்ளாரினெட்ல அப்படி இல்ல, ரெண்டு ஸ்தாயிக்கும் தனித்தனியா பழகணும். இதுல தேறினவன் கையில சாக்ஸ் குடுத்தா எப்படி பறப்பான்னு யோசிச்சுப் பாருங்க. கிரிஃபின் பறந்தாரு. 1945ல ஸ்கூல் முடிச்ச கையோட லயனல் ஹாம்ப்டன் பேண்ட்ல சேந்தாச்சு, அங்கதான் டெனர் கைக்கு வந்துச்சு. பிற்காலத்துல அவ்ளோ வேகமா டெனர் வாசிக்க உலகத்துலயே ஆள் இல்லன்னு பேர் வாங்கினாரு.

இத்தனைக்கும் வாத்தியக் கருவி வாங்க பணம் பத்தாது. ஹை ஜின்க்ஸ்னு வருஷா வருஷம் பசங்களே ஆடிப் பாடி ஒரு பெரிய ஷோ போட்டு, டிக்கெட் வித்த காசுலதான் பேண்ட நடத்தினாங்க.

ஜனவரி 27, சனி

மியூசிக் பத்தி மட்டும் பேசினா பாதிக்கதைதான். அதே ஸ்கூல்ல 1946லேர்ந்து இருபது வருஷத்துக்கு மேல ட்ராயிங் டீச்சரா இருந்தவங்க மார்கரெட் பரோஸ். அவங்களுக்குக் கை வந்த கலை லினோகட். தரைக்குப் போடுற லினோலியம் இருக்கில்ல, அத சின்ன உளியால செதுக்கி, மை உருட்டி, பேப்பர்ல அழுத்தி எடுக்கிறது. செதுக்கின இடம் வெள்ளையா விழும், விட்ட இடம் கருப்பா விழும், எழுத்து இருந்தா கண்ணாடியில பாக்கிற மாதிரி திருப்பி வெட்டணும். செலவு கம்மி, ஒரு தகட்டுலேர்ந்து நிறைய பிரதி போடலாம், பணக்காரங்க சுவத்துக்கு மட்டும்னு இல்லாம எல்லார் வீட்டுக்கும் போகும். 1950கள்ல பள்ளி நிர்வாகம் இவங்களக் கூப்பிட்டு அரசியல் பத்தி விசாரிச்சாங்க, அதுக்கப்புறம் ஒரு வருஷம் லீவு போட்டு மெக்சிகோ போய் அங்க இருந்த பிரிண்ட் ஓவியர்களோட வேலை செஞ்சிட்டு வந்தாங்க. வந்து திரும்ப அதே கிளாஸ் ரூம்.

பாடப்புத்தகத்துல கருப்பின வரலாறு கிட்டத்தட்ட இல்லவே இல்லாத காலம் அது. இவங்க என்ன பண்ணாங்கன்னா, 1961ல மிச்சிகன் அவென்யூல தன் வீட்டுலயே ஒரு மியூசியம் ஆரம்பிச்சாங்க. ட்ராயிங் டீச்சர் வேலையோட சேத்துதான் இதுவும்!

பிப்ரவரி 10, சனி

மொழி வகுப்பு பத்தியும் சொல்லணும், இது அமெரிக்கா முழுக்க நடந்தது. 1957 அக்டோபர் 4 சோவியத்தோட ஸ்புட்னிக் செயற்கைக்கோள் மேல போச்சு, நாடே ஆடிப்போச்சு, அடுத்த வருஷம் செப்டம்பர்ல ஜனாதிபதி ஐசனோவர் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்துல கையெழுத்துப் போட்டாரு. அதுல அறிவியல், கணக்கோட சேத்து வெளிநாட்டு மொழிகளுக்கும் பணம். அந்தப் பணத்துலதான் ஸ்கூல் ஸ்கூலா லாங்குவேஜ் லேப் வந்துச்சு, தடுப்பு வெச்ச வரிசை, ஹெட்ஃபோன், டேப். டேப்ல ஒரு வாக்கியம் வரும், கொஞ்சம் இடைவெளி, நீ சொல்லணும், திரும்ப சரியான உச்சரிப்பு வரும். டீச்சர் முன்னாடி ஸ்விட்சப் போட்டு ஒவ்வொருத்தனா ஒட்டுக் கேப்பாங்க. ஃப்ரெஞ்சும் ஸ்பானிஷும் வளந்துச்சு. லத்தீன் 1962ல சுமார் 7 லட்சம் பசங்க படிச்சது, அப்புறம் சரசரன்னு இறங்கிடுச்சு. இலக்கணத்த ஓரம் கட்டிட்டு வெறும் கிளிப்பிள்ளை மாதிரி சொல்ல வெச்சது எனக்கு ஒப்பல, ஆனா காதும் வாயும் பழகணும்ங்கிறது சரிதான்.

இதே சட்டத்தோட பணம் பல்கலைக்கழகங்கள்ல தெற்காசிய மொழிகளுக்கும் வந்துச்சு, தமிழும் அதுல ஒண்ணு. டுசாபிள்லேர்ந்து கொஞ்ச தூரம்தான் சிகாகோ யுனிவர்சிட்டி, அங்க 1962ல ஏ.கே.ராமானுஜன் லைப்ரரி அடித்தளத்துல பழந்தமிழ் இலக்கணம் தேடப் போய் உ.வே.சா.வோட 1937 குறுந்தொகைப் பதிப்பக் கண்டெடுத்தாரு. இத நெனச்சாலே எனக்கு சிலிர்க்குது.

மார்ச் 2, சனி

இன்னிக்கு பொண்ண கூட்டிட்டு வாஷிங்டன் பார்க் பக்கம் போனேன். பரோஸ் வீட்டுல ஆரம்பிச்ச மியூசியம் இப்ப டுசாபிள் பேரோட இங்கதான் இருக்கு. அதே பார்க்ல கேப்டன் பேர்ல ஒரு ஹைஸ்கூல் இருக்கு. 2015ல அத மூடினப்ப ஏரியா ஜனங்களும் அப்பா அம்மாக்களும் 34 நாள் உண்ணாவிரதம் இருந்தாங்க, அடுத்த வருஷம் கலைகளுக்கான பள்ளியா திரும்பத் திறந்தாங்க. பொண்ணு கேட்டா, சாப்பிடாமயேவாப்பான்னு. ஆமாம்மான்னேன். ஒரு ஸ்கூலுக்காக 34 நாள் பட்டினி கிடந்தவங்கள நான் கையெடுத்துக் கும்பிடுறேன். அடுத்த வாரம் ரிச்சர்ட் டேவிஸ் பத்தி எழுதறேன். டுசாபிள்ல கேப்டன்கிட்ட ஆரம்பிச்சவரு, 1977லேர்ந்து விஸ்கான்சின் யுனிவர்சிட்டியில பேஸ் ப்ரொஃபசரா இருந்தவரு, 2023 செப்டம்பர்ல இறந்தாரு, அவருக்குத் தனியாவே ஒரு பதிவு வேணும்.