"அக்கா, ஒரு சின்ன டவுட்"

பார்மசி மூன்றாம் ஆண்டில் என் பொறுப்பில் ஆறு ஜூனியர்களை விட்டார்கள். வாரம் ஒரு வீடியோ அழைப்பு, மற்ற நாட்களில் வாட்ஸ்அப் குழு. முதல் அழைப்பில் "ஏதாவது டவுட் இருக்கா?" என்று கேட்டேன். ஆறு கேமராவும் அணைந்திருந்தன. "இல்லக்கா" என்றது ஒரே ஒரு குரல்.

அன்றிரவு பதினொன்றரைக்கு மேல் மூன்று பேர் தனித்தனியே செய்தி அனுப்பினார்கள். மூவர் கேட்டதும் ஒன்றுதான்: 1% கரைசல் என்றால் எதில் ஒரு சதவீதம்? 100 மில்லிலிட்டரில் 1 கிராம், அதாவது ஒரு மில்லிலிட்டரில் 10 மில்லிகிராம். வகுப்பில் இது ஒரு வரியில் முடிந்துவிடும். நானும் முதலாண்டில் அதே வரியில்தான் தடுக்கி விழுந்தேன். பல வருடமாகப் பாடம் நடத்துகிறவருக்கு அங்கே ஒரு பள்ளம் இருப்பதே மறந்திருக்கும். இரண்டு வருட சீனியருக்கு முழங்கால் காயம் இன்னும் ஆறியிருக்காது.

மருந்துப் பெயர்களை மனப்பாடம் செய்து திணறியவர்களுக்கு என் குறுக்குவழியைக் கொடுத்தேன். 'ஒலால்' என்று முடிந்தால் பீட்டா பிளாக்கர் (இதயத்துடிப்பைத் தணிக்கும் மருந்து), 'சார்ட்டான்' என்றால் ரத்த அழுத்தம், 'பிரசோல்' என்றால் வயிற்று அமிலம். இரண்டே நாளில் ஒரு பையன் கேட்டான்: "அப்போ அரிபிபிரசோலும் அசிடிட்டி மாத்திரையாக்கா?" அது மனநோய்க்கான மருந்து. குறுக்குவழி சொல்லும்போதே அது எங்கே முட்டும் என்பதையும் சொல்ல வேண்டும் என்று அன்று எனக்கு உறைத்தது. அப்படியும் முழுதாக உறைக்கவில்லை போலிருக்கிறது.

ஏனென்றால் அடுத்த மாதமே பெரிய தப்பு செய்தேன். அட்ரினலின் ஊசிமருந்தில் 1:1000 என்றால் ஒரு மில்லிலிட்டரில் எவ்வளவு மருந்து என்று குழுவில் கேள்வி. லேபுக்கு ஓடிக்கொண்டே வாய்ஸ் மெசேஜில், "மில்லிக்கு 0.1 மில்லிகிராம்" என்று சொல்லிவிட்டேன். அது 1:10,000-க்கான கணக்கு. 1:1000 என்றால் 1000 மில்லிலிட்டரில் 1 கிராம், மில்லிக்கு 1 மில்லிகிராம். பத்து மடங்கு வித்தியாசம். தேர்ந்தவர்களே இந்த விகிதக் கணக்கில் தடுமாறுவதால்தான் அமெரிக்காவில் 2016-இலிருந்து இதுபோன்ற ஊசிமருந்து லேபிள்களில் விகிதத்தை எடுத்துவிட்டு மில்லிகிராமிலேயே அச்சிட வைத்தார்கள். அந்தச் சமாதானத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் எல்லோரையும் நோட்டைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். ஆறு நோட்டிலும் 0.1. ஆறாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 0.1-க்கு அடியில் ரப்பரால் தேய்த்த தடம், அதற்குள் மங்கலாக ஒரு 1. அந்தப் பெண் தானாகவே சரியாகப் போட்டிருக்கிறாள். என் குரலைக் கேட்டதும் அழித்துவிட்டாள்.

"ஏம்மா அழிச்ச?"

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன்கா."

குழுவில் மன்னிப்புக் கேட்டு, சரியான கணக்கைப் படிப்படியாக எழுதிப் போட்டேன். அதோடு வாய்ஸ் மெசேஜில் கணக்கு சொல்வதை நிறுத்தினேன். பதில் என்றால் காகிதத்தில் போட்ட வழிமுறை, பாடநூலின் பக்க எண்ணோடு. தனிச்செய்தியில் வரும் கேள்விகளைக் கேட்டவர் பெயரில்லாமல் குழுவுக்குக் கொண்டுபோனேன். "எனக்கும் இதே டவுட்தான்" என்று பதில்கள் வரத் தொடங்கின. (பயிற்சிக்குப் போன ஒருவன் நோயாளியின் பெயர் தெரிய மருந்துச்சீட்டைப் படமெடுத்துப் போட்டதும், நான் அலறி அழிக்க வைத்ததும் தனிக்கதை.) இன்னொன்றும் சொல்லிவைத்தேன்: என் விடையும் உங்கள் விடையும் வேறானால் இரண்டையும் அனுப்புங்கள்.

இரண்டு வாரம் யாரும் அனுப்பவில்லை. மூன்றாவது வாரம் அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு படம் வந்தது. ஒரே பக்கத்தில் அருகருகே இரண்டு கணக்குகள், என்னுடையதும் அவளுடையதும். கீழே பென்சிலில்: "எதையும் அழிக்கலக்கா. உங்களோடதுல மூணாவது வரி பாருங்க."

பார்த்தேன். கூட்டலில் ஒரு பூஜ்ஜியத்தை விட்டிருந்தேன்.