தம்பியின் விமான விபத்து: விசாரணை முடிய 19 மாதங்கள்

என் தம்பி தன் நண்பருடன் சேர்ந்து வாங்கியிருந்த செஸ்னா 172 விமானத்தில் தனியாகப் பறந்தபோது அமெரிக்காவில் விபத்துக்குள்ளாகி இறந்தான். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் முதற்கட்ட அறிக்கை ஒரு மாதத்தில் வந்தது. அதில் காரணம் எதுவும் இருக்காது. இறுதி அறிக்கை 19 மாதங்கள் கழித்துச் சென்ற வாரம் வந்தது.

இத்தகைய சிறு விமானங்களில் கறுப்புப் பெட்டி கட்டாயமில்லை. எனவே பராமரிப்புப் பதிவேடு மிக முக்கியம். தம்பியோ அதை விமானத்திலேயே வைத்திருந்தான், அது எரிந்துவிட்டது. மெக்கானிக்கிடம் நடையாய் நடந்து பழைய ரசீதுகளைத் திரட்ட ஆறு வாரங்கள் ஆயின. விமானம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து பதிவேட்டை வீட்டில் வையுங்கள். பக்கம் பக்கமாகப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, இறப்புச் சான்றிதழ். நச்சுப் பரிசோதனை முடியாததால் காரணம் 'நிலுவையில்' என்றே அதில் இருந்தது; ஆயுள் காப்பீட்டு அலுவலர் அதை இருமுறை திருப்பி அனுப்பினார். பிரேதப் பரிசோதனை அலுவலகத்தில் விளக்கக் கடிதம் வாங்கிக் கொடுத்த பிறகே விண்ணப்பம் நகர்ந்தது.

எல்லாவற்றையும்விட மனம் நொந்தது சிதைவுகளைப் பார்க்கப் போன அன்றுதான். நான்கு மணி நேரம் காரோட்டிப் போய்க் கிடங்கின் வாசலிலிருந்தே திரும்பினேன். நண்பருக்கு விமானத்தின் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டதால் சிதைவுகள் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொந்தமாம். அவர்கள் கடிதம் இல்லாமல் உள்ளே விட மாட்டார்களாம். இதை யாரும் முன்பே சொல்லவில்லை. வாரியம் விடுவித்ததும் அவற்றைப் பழைய இரும்புக்கு விற்றுவிட முடியும் என்பதால், பாதுகாத்து வைக்கும்படி உடனே எழுத்தில் கேளுங்கள். இழப்பீட்டு வழக்கில் வாரியத்தின் அறிக்கையைச் சாட்சியமாக்கச் சட்டம் இடம் தராது. தனியாக ஆய்வு செய்ய அந்தச் சிதைவுகள்தான் மிஞ்சும். விசாரணையில் விமானத்தையும் எஞ்சினையும் தயாரித்தவர்கள் பங்கேற்கிறார்கள், குடும்பத்தாருக்கு இடமில்லை என்பதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

ஆனால் விசாரணை அதிகாரி பொறுமையானவர். எஞ்சின் நின்றுபோய்த் தம்பி தவித்திருப்பானோ என்று நான் பல இரவுகள் தூங்காமல் கிடந்ததைச் சொன்னதும், புரொப்பல்லரின் படத்தை அனுப்பினார். ஒரு இதழ் 'எஸ்' எழுத்தைப் போல் வளைந்து, அதன் முகப்பில் குறுக்காகக் கீறல்கள் இருந்தன. தரையில் மோதும்போதும் எஞ்சின் இயங்கிக்கொண்டிருந்ததற்கு அவை அடையாளம் என்று விளக்கினார்.

கருவிகளை மட்டுமே நம்பிப் பறக்கும் தகுதி பெறாதவன் மேகத்துக்குள் நுழைந்து திசையுணர்வை இழந்தான் என்கிறது இறுதி அறிக்கை. கூடவே வெளியான ஆவணத் தொகுப்பில், நாங்கள் திரட்டிய ரசீதுகள் ஒன்றுவிடாமல் இருக்கின்றன.