மதில் யாருடையது? கொட்டாஞ்சேனையில் ஒரு படத்துக்கு அனுமதி எடுத்த கதை

படம் வரைந்து முடித்தாயிற்று. எங்கள் ஒழுங்கை முனையில் குப்பை குவிந்து கிடந்த மதிலில் இப்போது பழைய பொதுக் குழாயடியைப் பார்க்கலாம். வாளி வரிசை, இடையில் புகுந்த பெண், அவளை ஏசும் பாட்டி எல்லாரும் இருக்கிறார்கள். வந்து பார்ப்பவர்கள் எந்த பெயின்ட் என்றுதான் கேட்கிறார்கள். அனுமதி எப்படிக் கிடைத்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்கோ அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

2019 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு இளைஞர்கள் நாடு முழுக்கச் சுவர்களில் வரைந்து தள்ளினார்கள். அன்றிலிருந்து நம்மவர்களுக்கு, மதிலைக் கண்டால் யாரையும் கேட்காமல் வரையலாம் என்று ஒரு நினைப்பு. எங்களுக்கு வரைந்து தந்த ஓவியர் அண்ணன் அப்படியில்லை. இதே ஒழுங்கையில் வளர்ந்தவர், வருடா வருடம் கலா பொல என்ற கொழும்பு ஓவியச் சந்தையில் படம் விற்பவர். “கடிதம் கையில் வராமல் பிரஷை நனைக்க மாட்டேன்” என்று முதலிலேயே சொல்லிவிட்டார். வேறொரு இடத்தில் அவருடைய பாதிப் படத்தின் மேல் ஒரே இரவில் வெள்ளை அடித்துவிட்டார்களாம்.

சரி, கடிதம்தானே என்று போனேன். கிராம சேவகரின் கையொப்பம், ஒழுங்கைக்காரர்களின் சம்மதம், படத்தின் கலர் பிரதி எல்லாம் சுலபமாகச் சேர்ந்துவிட்டன. சிக்கல் அதற்குப் பிறகுதான். ஓர் அலுவலகத்தில், மதிலின் அடித்தளம் வீதியில் இருப்பதால் அது வீதிக்காரர்களின் பொறுப்பு என்றார்கள். வீதிக்காரர்களிடம் போனால், மதிலுக்குப் பின்னால் இருக்கும் களஞ்சியத்தைக் கை காட்டினார்கள். களஞ்சியத்தில், “நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம் தம்பி, மதிலைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது” என்று ஒரு பிளேன்டீ தந்து அனுப்பினார்கள். அந்தப் பிளேன்டீயைச் சொல்லத்தான் வேண்டும், அந்த அலைச்சலில் கிடைத்த ஒரே நன்மை அதுதான்.

திரும்ப முதல் அலுவலகம். கவுன்டரில் இருந்தவர் என் தமிழ்க் கடிதத்தை ஒரு விரலால் இந்தப் பக்கம் தள்ளி, சிங்களத்தில் எழுதிக் கொண்டு வரச் சொன்னார். அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் 1987இல் வந்தது, தமிழும் அரசகரும மொழி என்பதெல்லாம் எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். சண்டை பிடிக்கலாம், நியாயமும் நம் பக்கம்தான். ஆனால் அன்று வெள்ளிக்கிழமை, மணி மூன்றே கால். பக்கத்து வீட்டு ரோஹிணி அக்காவைக் கொண்டு சிங்களத்திலும் எழுதி, இரண்டையும் சேர்த்துக் குத்திக் கொடுத்தேன். நீங்கள் போகும்போது முதலிலேயே இரண்டு மொழியிலும் கொண்டு போங்கள். தேதி முத்திரை அடித்த பிரதி ஒன்றை வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள். என் முதல் கடிதத்தை, “அப்படி ஒன்று வரவேயில்லை” என்று சொல்லிவிட்டார்கள்.

கடைசியில் வழி காட்டியது மூலை வீட்டு மாமியின் காணி உறுதி. அட்டவணையில் நான்கு எல்லையும் எழுதியிருக்கும் அல்லவா? மாமி பிஸ்கட் டின்னுக்குள்ளிருந்து அதை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வாசித்தார். கிழக்கெல்லை என்ற இடத்தில் அந்த மதிலும், அது யாருக்குச் சொந்தம் என்பதும் அச்சொட்டாக இருந்தன. அந்தப் பக்கத்தைப் போட்டோகொப்பி அடித்துக் கொண்டு போய் வைத்தபோது அதிகாரியால் மறு பேச்சுப் பேச முடியவில்லை. “இதை முதலே கொண்டு வந்திருக்கலாமே” என்றாரே பார்க்கலாம்! கடிதம் அடுத்த கிழமை வந்தது.

படத்தில் என்ன வரைவது என்பது தனிச் சண்டை. சாமிப் படம் போட்டால் குப்பை கொட்ட மாட்டார்கள் என்று பாதிப் பேர் நின்றார்கள். எந்தச் சாமி என்று கேட்டதும் கூட்டம் நான்காகப் பிரிந்தது. குழாயடி என்றதும்தான் எல்லாரும் வாயை மூடினார்கள். அந்த வரிசையில் நிற்காத வீடு எங்கள் ஒழுங்கையில் கிடையாது.

வேலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கம்பி பிரஷால் பாசியைச் சுரண்டி, கழுவிக் காயவிட்டு, நூல் பிடித்துக் கட்டம் போட்டு வரைந்தோம். பெயின்ட் வாங்க பழைய சோனகத் தெருவில் நாலு கடை ஏறி இறங்குங்கள், விலை கடைக்குக் கடை வேறு. வெளிச்சுவருக்கான எமல்ஷனா என்று வாளியைப் பார்த்து வாங்குங்கள். புதுப் பூச்சு பூசிய இடமென்றால் நான்கு கிழமையாவது காய வேண்டும். இல்லாவிட்டால் சீமெந்துக் காரம் நிறத்தைத் தின்றுவிடும். ஒக்டோபர், நவம்பரில் கொழும்பில் பின்னேரம் இடியோடு மழை கொட்டும். காலையில் தொடங்கி மதியச் சாப்பாட்டோடு நிறுத்திவிடுவது நல்லது.

நடுவில் ஒரு நாள் பொலிஸ் ஜீப் வந்து நின்றது. அண்ணன் ஏணியிலிருந்து இறங்காமலே என்னைப் பார்த்தார். கடிதத்தை நீட்டினேன். முத்திரையைப் பார்த்துவிட்டு, “இந்தப் பாட்டி எங்கள் அம்மாவைப் போலவே இருக்கிறா” என்று சொல்லிவிட்டுப் போனார் சார்ஜன்ட்.

பக்கத்து ஒழுங்கைக்காரர்களும் இப்போது வரையப் போகிறார்களாம். என் பைலைக் கேட்டு வந்தார்கள். கொடுத்தேன், மாமியின் உறுதிப் பிரதியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு. அவர்களுடைய மதிலுக்கு அவர்கள்தான் ஒரு மாமியைத் தேட வேண்டும்.