அழற்சி: குதிகால் காயத்தோடு எழுதத் தொடங்கிய குறிப்புகள்

2025 ஜூன் 3, செவ்வாய். வெள்ளவத்தை

அண்ணாவின் மகன் நேற்று மாலை மரைன் டிரைவுக்கு அப்பால், புகையிரதப் பாதையைத் தாண்டிக் கடலோரக் கற்களில் ஏறி இறங்கியபோது, பாறையில் ஒட்டியிருந்த சிப்பி அவனுடைய குதிகாலைக் கிழித்துவிட்டது. காயத்தைக் கழுவிக் கட்டி, ஏற்பு ஊசியும் போட்டாயிற்று. இன்று காலை கட்டை அவிழ்த்தபோது வெட்டின் இரு கரைகளும் தடித்து, சுற்றியிருந்த தோல் பளபளத்து, தொட்ட விரலுக்குச் சூடு தெரிந்தது. "சித்தப்பா, மருந்து போட்ட பிறகும் ஏன் கூடிக்கொண்டு போகுது?" என்று கேட்டான். நியாயமான கேள்வி, பெரியவர்களுக்கும் இருக்கும் கேள்வி. கிருமி செய்யும் கேடு, உடல் செய்யும் வேலை இரண்டையும் நாம் ஒன்றாகவே பார்க்கிறோம்.

சிவப்பு, வீக்கம், சூடு, நோவு என்னும் அழற்சியின் நான்கு அறிகுறிகளையும் கி.பி. முதலாம் நூற்றாண்டிலேயே ரோமாபுரியின் செல்சஸ் எழுதி வைத்துவிட்டார். ஆனால் அவை நோயல்ல, காயத்துக்கு உடல் தரும் பயனுள்ள மறுமொழி என்பதை அழுத்தமாகச் சொன்னவர் அறுவை மருத்துவர் ஜோன் ஹன்டர். குருதி, அழற்சி, துப்பாக்கிக் காயங்கள் பற்றிய அவருடைய நூல், அவர் இறந்த பின்னர், 1794இல் வெளிவந்தது. எனக்கு ஹன்டரின் பக்கமே நியாயமாகப் படுகிறது. காயத்தைச் சூழவுள்ள நுண்ணிய குருதிக்குழாய்கள் விரிகின்றன. அதனால் அங்கு பாயும் குருதி கூடுகிறது. அதனாலேயே சிவப்பும் சூடும். அந்தச் சூடு அங்கே புதிதாக மூட்டப்பட்டதன்று. கை கால்களின் தோல் வழக்கமாகவே உடலின் உட்பகுதியைவிடக் குளிர்ந்திருப்பதால், உள்ளிருந்து 37 பாகை வெப்பத்தோடு வரும் குருதி அங்கு நிறையும்போது நமக்குச் சுடுகிறது. உடலின் ஆழத்தில் உள்ள உறுப்பொன்றில் அழற்சி ஏற்பட்டால், அந்த இடம் ஏற்கெனவே அதே வெப்பத்தில் இருப்பதால், இப்படியான வேறுபாடு இராது.

2025 ஜூன் 4, புதன்

உயர்தர உயிரியல் வகுப்பில் இன்று பாடத்தைக் கரும்பலகையில் தொடங்காமல் கைகளில் தொடங்கினோம். மாணவர் ஒவ்வொருவரும் அடிமட்டத்தின் விளிம்பால் முன்னங்கையின் உட்புறத்தில், தோல் கிழியாதபடி, ஒரே ஒரு கோடு அழுத்தி இழுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். சில விநாடிகளில் கோடு சிவந்தது. சற்று நேரத்தில் கோட்டுக்கு வெளியே, அடிமட்டம் படாத இடத்திலும், ஒழுங்கற்ற ஒரு செம்மை பரவியது. ஓரிரு நிமிடங்கள் கழித்துச் சிலருடைய கையில் கோடு மேடாக எழும்பியது. இந்த மூன்று படிகளையும் 1920களில் லண்டனில் மருத்துவர் தோமஸ் லூயிஸ் வகைப்படுத்தினார். தோலிலுள்ள மாஸ்ட் கலங்கள் வெளிவிடும் ஹிஸ்டமின் என்னும் பொருள் குழாய்களை விரிப்பதோடு, அவற்றின் உட்சுவர்க் கலங்களுக்கு இடையே இடைவெளியையும் உண்டாக்குகிறது. அந்த இடைவெளியால் குருதியின் நீர்ப்பகுதி புரதங்களையும் ஏந்திக்கொண்டு இழையத்துக்குள் கசிவதே மேடாக எழும் தடிப்பு.

இரண்டாவது படியில்தான் நான் கூடுதலாக நின்றேன். அடிமட்டம் தொடாத இடம் ஏன் சிவக்க வேண்டும்? உணர்ச்சி நரம்பின் ஒரு கிளை தூண்டப்படும்போது, செய்தி முண்ணாணுக்குப் போவதோடு நில்லாமல், அதே நரம்பின் பக்கக் கிளைகள் வழியே தோலுக்குத் திரும்பியும் வந்து அங்குள்ள குழாய்களை விரிக்கிறது. நரம்பு அழிந்துபோன தோலில் கோடு சிவக்கும், தடிப்பும் எழும். பரவும் செம்மை மட்டும் வராது. நரம்புகளை அழிக்கும் தொழுநோயின் தேமலில் ஹிஸ்டமின் துளியிட்டுக் குத்திப் பார்க்கும் பழைய சோதனையின் அடிப்படை இதுவே. கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் ஒல்லாந்தர் காலத்துத் தொழுநோய் மருத்துவமனையைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்த ஒரு மாணவி, இதைக் கேட்டதும் குறிப்பெழுதுவதை நிறுத்திவிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னொன்றையும் வகுப்பில் சொன்னேன். பாடநூற் படங்கள் வெளிறிய தோலை வைத்து வரையப்பட்டவை. நம்முடைய நிறத்தில் செம்மை, சுற்றியுள்ள தோலைவிடச் சற்றுக் கறுத்த நிழலாகவே தோன்றும். கண்ணை மட்டும் நம்பினால் தவறவிடலாம். புறங்கையை வைத்துச் சூட்டைப் பார்க்க வேண்டும், விரலால் வருடித் தடிப்பைப் பார்க்க வேண்டும்.

2025 ஜூன் 6, வெள்ளி

கட்டுத் துணியில் மஞ்சள் சாயலான சிறு கறை. அண்ணி பயந்துவிட்டார். காயம் ஆழமில்லை, காய்ச்சலும் இல்லை, காலில் மேல்நோக்கி ஓடும் செங்கோடுகளும் இல்லை; இருந்தாலும் வைத்தியரிடம் காட்டினோம். துப்புரவாக்கி வேறு கட்டுப் போட்டுவிட்டார்.

அந்தக் கறையில் பெரும்பகுதி, வேலை முடித்து இறந்த நியூற்றோபில் எனும் வெண்குழியங்கள். வளர்ந்தவர் ஒருவரின் எலும்பு மச்சை நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 கோடி நியூற்றோபில்களை உருவாக்கி அனுப்புகிறது. அவை காயத்தைக் கண்டுபிடித்து இறங்கும் விதத்தை எத்தனை முறை கற்பித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. இழையத்திலேயே குடியிருந்து கிருமிகளை விழுங்கும் மக்ரோபேஜ் கலங்கள் பற்றீரியாவின் சுவர்ப் பொருட்களையும் சிதைந்த கலங்களின் எச்சங்களையும் தம் ஏற்பிகளால் அறிந்து, சைட்டோகைன் எனும் செய்திப் புரதங்களைச் சுரக்கின்றன. அந்தச் செய்தி எட்டியதும் அருகிலுள்ள சிறு நாளங்களின் உட்சுவர் செலக்டின் என்னும் ஒட்டுப் புரதங்களைத் தன் மேற்பரப்புக்குக் கொண்டுவருகிறது. காலி வீதியில் ஓடும் பேருந்தில் நெரிசலினூடே ஒவ்வொரு கம்பியாகப் பிடித்து விட்டு, பிடித்து விட்டு வாசலை நோக்கி நகரும் பயணியைப் போல, குருதியோடு விரைந்து வந்த நியூற்றோபில் இந்தப் புரதங்களில் தொற்றித் தொற்றி உருள்கிறது. பிறகு இன்டெகிரின் என்னும் இன்னொரு வகை ஒட்டுப் புரதங்கள் இறுகப் பற்றியதும் நின்று, தட்டையாகி, சுவர்க் கலங்களின் இடுக்கால் தன்னை நெருக்கி வெளியேறுகிறது.

1867இல் ஜேர்மானியரான யூலியஸ் கோன்ஹைம், உயிருள்ள தவளையின் மெல்லிய குடற்சவ்வை நுணுக்குக்காட்டியின் கீழ் விரித்து, வெண்குழியங்கள் இவ்வாறு குழாயை விட்டு வெளியேறுவதைக் கண்ணால் கண்டார். 1882இல் இத்தாலியின் மெசீனாவில் ருஷ்ய விலங்கியலாளர் மெச்னிக்கோவ், கண்ணாடி போன்ற உடலையுடைய நட்சத்திரமீன் குடம்பிக்குள் முள்ளைச் செருகி வைத்து, மறுநாட் காலையில் அந்த முள்ளைக் கலங்கள் சூழ்ந்திருப்பதைப் பார்த்தார். அந்தக் குடம்பிக்குக் குருதிக்குழாய்களும் இல்லை, அவற்றில் ஓடும் செங்குருதியும் இல்லை. அங்கேயே இந்த வேலை நடக்கிறது என்றால், இது எவ்வளவு பழைய ஏற்பாடு!

2025 ஜூன் 8, ஞாயிறு

இளஞ்சூட்டு நீரில் காலைக் கழுவியபோது எரிகிறது என்று அண்ணாவின் மகன் கத்தினான். அதே நீரில் மற்றக் காலுக்கு ஒன்றும் தெரியவில்லை. நோவை உணரும் நரம்பு முனைகளில் டிஆர்பிவி1 எனும் புரத வாயில் உண்டு. கொச்சிக்காயின் காரத்துக்குத் திறப்பதும் இதுவே, ஏறத்தாழ 43 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்துக்குத் திறப்பதும் இதுவே. இதைக் கண்டறிந்த பணிக்காக டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அழற்சியுள்ள இழையத்தில் சுரக்கும் புரொஸ்டகிளான்டினும் பிரடிகைனினும் அந்த வாயிலை முன்கூட்டியே இளக்கிவிடுகின்றன. பிறகு சாதாரண இளஞ்சூடும் நெருப்பாகிறது. அவன் அந்தக் காலை ஊன்றாமல் நடப்பது இதனால்தான், கிழிந்த இழையத்துக்கு வேண்டியதும் அதுதான்.

அஸ்பிரின் புரொஸ்டகிளான்டின் ஆக்கத்தைத் தடுக்கிறது என்பதை 1971இல் மருந்தியலாளர் ஜோன் வேன் காட்டினார். இபுபுரூபனும் அவ்வாறே தடுக்கிறது. தாங்க முடியாத நோவைத் தணிப்பதில் பிழையில்லை. ஆனால் வீக்கம் என்றாலே மாத்திரை என்று கைகள் மருந்துப் பெட்டியை நோக்கிப் போவதை நான் விரும்பவில்லை.

2025 ஜூன் 10, செவ்வாய். பொசன் போயா

மேல்மாடி வீட்டுப் பெண்பிள்ளைக்கு மூன்று நாட்களாகக் காய்ச்சல். உடம்பு முறிகிறது, கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்கிறாள். அவளுடைய தாய் இறங்கி வந்து, "மாஸ்டர், உங்களிட்ட புரூபன் இருக்கோ?" என்று கேட்டார். இல்லையென்று சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. கூடவே மேலே போய், வைத்தியர் டெங்கு இல்லையென்று சொல்லும்வரை பரசிற்றமோலைத் தவிர வேறொன்றும் கொடுக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டேன். குருதிச் சிறுதட்டுக்கள் குறைந்துகொண்டிருக்கும் உடலில் அஸ்பிரினும் இபுபுரூபனும் குருதிப்பெருக்குக்கு வழி திறக்கும். 2017இல் இலங்கையில் 180,000க்கும் மேற்பட்டோரை டெங்கு பிடித்த பிறகும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாலையில் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது, டெங்குதான். குதிகாலில் ஒரு சதத்தளவு இடத்தில் நடந்தால் நன்மையாகும் அதே கசிவு, டெங்குவில் உடல் முழுவதும் உள்ள நுண்குழாய்களில் நடக்கக்கூடும். நீர்ப்பகுதி நெஞ்சறையிலும் வயிற்றறையிலும் தேங்க, குழாய்களுக்குள் எஞ்சிய குருதி தடிக்கிறது, அழுத்தம் விழுகிறது. அதுவும் காய்ச்சல் இறங்கும் வேளையில்தான், பிள்ளை தேறிவிட்டாள் என்று வீட்டார் மூச்சுவிடும் நேரத்தில்தான், அடுத்த 24 முதல் 48 மணித்தியாலங்கள் ஆபத்தானவை. இரவே மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள்.

2025 ஜூன் 13, வெள்ளி

மேல்மாடிப் பிள்ளை ஆபத்தைக் கடந்துவிட்டாள் என்று தாய் தொலைபேசியில் சொன்னார்.

குதிகாலில் வீக்கம் வடிந்து, தோல் சுருங்கி உரிகிறது. அழற்சி தானாக ஓய்ந்துபோவதாக நெடுங்காலம் கருதப்பட்டது. உண்மையில் முடித்துவைப்பதும் தனியான வேலை. நியூற்றோபில்கள் ஒழுங்காக இறந்து மடிகின்றன. மக்ரோபேஜ்கள் அவற்றை விழுங்கிய பின் தம் போக்கையே மாற்றி, அழற்சியைத் தூண்டும் பொருட்களுக்குப் பதிலாகத் தணிக்கும் பொருட்களைச் சுரக்கின்றன. ஒமேகா-3 கொழுப்பமிலங்களிலிருந்து உடல் ஆக்கும் ரெசோல்வின்கள், சார்ள்ஸ் செர்ஹானின் ஆய்வுக்குழு கண்டறிந்தவை, புதிய நியூற்றோபில்களின் வரவைக் குறைத்து, துப்புரவை விரைவாக்குகின்றன. கசிந்த நீரை நிணநீர்க் குழாய்கள் திரும்ப எடுத்துச் செல்கின்றன. தொடக்கத்தைப் பற்றி நாம் எழுதும் அளவுக்கு இந்த முடிவைப் பற்றி எழுதுவதில்லை.

2025 ஜூன் 18, புதன். கொட்டாஞ்சேனை

பெரியம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். முடியாத அழற்சி எப்படியிருக்கும் என்பதை அவருடைய கைகளில் பார்க்கலாம்: விரல்களின் அடி மூட்டுகள் புடைத்து, விரல்கள் சுண்டுவிரற் பக்கமாகச் சரிந்திருக்கின்றன. காலையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் விறைப்பு. தேநீர்க் கோப்பையை இரு உள்ளங்கைகளாலும் ஏந்தித்தான் குடிக்கிறார். முடக்குவாதத்தில் நோயெதிர்ப்புத் தொகுதி மூட்டின் உட்சவ்வைத் தாக்க, அந்தச் சவ்வு தடித்து வளர்ந்து கசியிழையத்தையும் எலும்பையும் அரிக்கிறது. முடித்துவைக்கும் வேலை அங்கே நடப்பதேயில்லை.

கிழமைக்கொருமுறை எடுக்கும் மெதோட்ரெக்சேட் என்னும் மருந்து போதவில்லையாம். டிஎன்எஃப் எனும் சைட்டோகைனைத் தடுக்கும் ஊசியைப் பற்றி வைத்தியர் பேசியிருக்கிறார். லண்டனில் ஆய்வாளர்கள் ஃபெல்ட்மனும் மைனியும் 1990களில் இந்த நோயாளரிடம் பயன் காட்டிய வழி இது. ஆனால் முதலில் நெஞ்சு எக்ஸ்ரேயும் காசநோய்ச் சோதனையும் செய்யச் சொல்லிவிட்டாராம். "கை வருத்தத்துக்கு நெஞ்சை ஏன் படம் எடுக்கினம்?" என்று பெரியம்மா கேட்டார்.

பலருடைய நுரையீரலில் காசநோய்க் கிருமி ஆண்டுக்கணக்காக உயிரோடு கிடக்கிறது. மக்ரோபேஜ்களும் பிற வெண்குழியங்களும் அதைச் சூழ்ந்து இறுக்கிய ஒரு சிறு கழலைக்குள் அடைபட்டிருப்பதால் அது நோயாக வெளிப்படுவதில்லை. அந்தக் கழலையைக் கட்டிக் காப்பதில் டிஎன்எஃபுக்குப் பெரும் பங்குண்டு. மூட்டைக் காக்க அதைத் தடுத்தால், நெஞ்சில் அடைபட்டிருக்கும் கிருமி வெளியே வந்துவிடலாம். இதை அவருக்குப் புரியும்படி சொல்லி முடித்தேன். சற்று யோசித்துவிட்டு, சோதனைக்கு வெள்ளிக்கிழமை கூட்டிப்போகச் சொன்னார். விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.