கொல்லைக் குழியில பழைய கடற்கரை

ஆகஸ்ட் 9

வேதாரண்யம் பக்கத்துல ஆயக்காரன்புலம் வீட்டுக் கொல்லையில செப்டிக் டேங்குக்குக் குழி வெட்டுறாங்க. மேல ரெண்டு அடிக்கு நைசான மணல், ஒரு கிளிஞ்சல்கூட இல்ல, காத்து கொண்டாந்து கொட்டினது. அதுக்குக் கீழதான் ஆச்சரியமே, குறுமணல், நடுநடுவுல கோடு கிழிச்ச மாதிரி கருமணல், ஓரம் மழுங்கின மட்டி ஓடு, அந்தக் கோடுங்களும் மட்டமா இல்லாம கடல் பக்கமா லேசா சரியுது, புஷ்பவனம் கரையில அலை ஏறி எறங்குற சரிவு அப்படியே! குழிக்குள்ளயே உக்காந்துட்டேன். "என்ன தம்பி, பொதையல் கெடக்கா"ன்னு கேட்டாரு கொத்தனாரண்ணன்.

ஆகஸ்ட் 10

அப்பாயிகிட்ட அந்த மட்டி ஓட்டைக் காட்டினேன். அவங்க சின்னப் புள்ளையா இருந்தப்ப கேணி வெட்டுனாலும் இதேதான் வருமாம். எங்க பக்கம் மேட்டுல வீடும் மாந்தோப்பும், பள்ளத்துல வயலு, திரும்ப மேடு. அந்த மேடு ஒவ்வொண்ணும் ஒரு காலத்துல கடற்கரை, கடல் வெலக வெலக விட்டுட்டுப் போன வரிசை. மேட்டுக் கேணித் தண்ணி நல்லாருக்கதுக்கும் இதான் காரணம், மழைத்தண்ணி மணல்ல எறங்கி, கீழ உள்ள உப்புத்தண்ணி மேல மெதந்து நிக்குது.

ஆகஸ்ட் 13

இந்த மேடுங்களோட வயசு எப்படித் தெரியும்னு தம்பி கேட்டான். ஓட்டுல உள்ள கார்பன் 14ங்குற கதிரியக்கக் கார்பன், மட்டி செத்ததுலேருந்து 5730 வருஷத்துல பாதியாக் கொறையும், மிச்சத்த அளந்தா கணக்கு வந்துரும். திருத்துறைப்பூண்டி பக்கத்து மேட்டுக்கு இப்படித்தான் சுமார் 6000 வருஷம்னும், கோடியக்கரைப் பக்கம் சுமார் 1000ன்னும் வந்துச்சு. ஆனா ஒண்ணு, செத்த மட்டிய அலை ரொம்ப நாள் உருட்டிட்டுக் கெடந்துட்டு அப்புறம் கரையில போட்டிருக்கலாம், அப்ப ஓட்டு வயசு கரை வயசவிட அதிகமாக் காட்டும். அதனால மணலயும் பாப்பாங்க, மணல் கடைசியா வெயில் பாத்து எத்தன வருஷம்னு கண்டுபிடிக்க முடியும். அதுக்கு வெளிச்சம் படாம குழாய அடிச்சு எடுக்கணும், நம்ம குழியில வெயில் பட்ட மேல்மணல் இனி அதுக்கு ஆகாது.

ஆகஸ்ட் 16

தரங்கம்பாடி போயிருந்தேன். 1306ல கட்டுன மாசிலாமணிநாதர் கோயில்ல முன்பக்கத்த கடல் எடுத்துட்டுப் போயிருக்கு. ஒரே டெல்டாதான், இங்க கரையக் கொடுத்த கடல் அங்க எடுக்குது, பாக்க மனசே ஆறல.

ஆகஸ்ட் 17

நாளைக்கு உறை எறக்குறாங்க. ஒரு நாள் தள்ளிப்போடச் சொல்லி கேட்டு வாங்கி, ஒரு பக்கச் சுவர கொத்தனாரண்ணன் கரண்டியாலயே நேராச் சீவி, டேப்ப தொங்கவிட்டு அடி அடியா போட்டோ எடுத்தேன். மூணேகால் அடியில ஒரு கருமணல் பட்டை, நாலு வெரல் கனம். பெரிய புயல் ஒண்ணு வெள்ளமணல வாரிட்டுப் போயி, கனமான கருமணல மட்டும் விட்டிருக்கும்னு தோணுது. கஜா புயல் அன்னிக்கு எங்க தென்னையெல்லாம் சாஞ்சு கெடந்தது ஞாபகம் வந்துச்சு.