கோயில், சர்ச், கல்லூரி நிலத்தில் மலிவு வீடு: கலிபோர்னியாவின் எஸ்பி 4 (செனட் மசோதா 4)

2024 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள சட்டம் இது. வழிபாட்டுத் தலமோ லாப நோக்கற்ற தனியார் கல்லூரியோ அந்தத் தேதிக்குள் வாங்கிய நிலத்தில் மலிவு வீடு கட்டினால், நிபந்தனைகளுக்கு உட்பட்டிருக்கும்வரை நகராட்சி மறுக்க முடியாது. வாடகை வீடு 55 ஆண்டும், விற்கும் வீடு 45 ஆண்டும் மலிவாகவே இருக்க வேண்டும். வீடுகளில் 5% வரை அந்த நிறுவனத்தின் சொந்த ஊழியருக்கு ஒதுக்கலாம்.

அனுமதி சுலபம்தான், இழுத்தடிப்பது பணம். வரிச்சலுகை நிதி (மலிவு வீட்டில் முதலிடுவோருக்கு அரசு தரும் வரிச்சலுகை வழியாக வரும் பணம்) வருமுன்பே மண் பரிசோதனை, வரைபடம், வக்கீல் என்று செலவு ஓடும். கையில் அதற்குப் பணமில்லாத சபைகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. அதற்காக நிலத்தை விற்காதீர்கள். அனுபவமுள்ள கட்டுநருக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடுங்கள், உரிமை கைவிட்டுப் போகாது.

அதற்கும் முன்னால் பத்திரத்தைப் பாருங்கள். பல சர்ச்சுகளில் நிலம் மறைமாவட்டத்தின் பெயரில் இருக்கும்; அவர்கள் சம்மதமின்றி ஒன்றும் நகராது.